மூன்று கமரா கலியாண வீடியோ: இரண்டு டிஸ்க்கை ரெயிட் 0 ஆக்கினால் வேகம் வருமா?

கொக்குவில்_எடிட்டர்

வணக்கம். கொக்குவிலில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் வீடியோ எடிட் செய்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, நடன அரங்கேற்றம் எல்லாம் வரும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வந்து நிற்கும் ஆடி, ஆவணியில்தான் வேலை குவியும். அவர்கள் விமானம் ஏறுவதற்குள் ஹைலைட் வீடியோவையாவது கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

கணினி இதுதான்: ஒன்பதாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. விண்டோஸ் இருப்பது 250 ஜிபி எஸ்எஸ்டியில். வேலைகள் எல்லாம் ஒரே ஒரு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில், 7200 ஆர்பிஎம். அதில் இப்போது 300 ஜிபி மட்டும்தான் மிச்சம்.

சடங்கை மூன்று கமராவில் 4கே எடுக்கிறோம். மூன்றும் எச்.264 சுருக்க முறை, செக்கனுக்கு 100 மெகாபிட். மணமக்களின் ஸ்லோமோஷன் காட்சிகளுக்கு மட்டும் முதலாளி புதிதாக ஒரு கமரா வாங்கியிருக்கிறார். அது எச்.265, 10 பிட், 4:2:2, நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் வகை.

பிரச்சினை மூன்று. மூன்று கோணத்தையும் ஒரே டைம்லைனில் வைத்து ஓட்டினால் படம் இடறுகிறது. தாலி கட்டும் இடத்தில் எந்தக் கோணம் நல்லது என்று பார்க்கவே முடியவில்லை, படம் நிற்கிறது, பிறகு பாய்கிறது. இரண்டாவது, புதுக் கமராவின் கிளிப்புகள் இதைவிட மோசம், ஒன்றைத் தனியாக ஓட்டினாலும் திக்குகிறது. மூன்றாவது, கார்டுகளைக் கொப்பி பண்ணி முடிக்க நடுச்சாமம் ஆகிறது. அடுத்த நாள் வேறு வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் கொப்பி முடிந்த கையோடு கார்டை ஃபோர்மட் பண்ணிவிடுவோம்.

கொழும்புக்குப் போன முதலாளி, பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அதே மாதிரி இன்னொரு 4 டெராபைட் டிஸ்க் வாங்கி வந்துவிட்டார். "இரண்டையும் ரெயிட் 0 போட்டால் வேகம் இரண்டு மடங்கு" என்றாராம். மதர்போர்டின் மெனுவில் ரெயிட் (பல டிஸ்க்கை ஒன்றாகக் கோர்க்கும் முறை) இருக்கிறது. ஸ்ட்ரைப் (துண்டு) அளவு 16, 32, 64, 128 கிலோபைட் என்று கேட்கிறது. எதைத் தெரிவு செய்வது? பழைய டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, இந்த வார இறுதியில் செய்து முடிக்கலாம் என்று இருக்கிறேன்.

ஸ்காபரோ_வாசி

தம்பி, ஹார்ட் டிஸ்க்கில் மினக்கெடாதே. இங்கே நான் பாவிப்பது என்விஎம்இ எனும் அதிவேக எஸ்எஸ்டி. செக்கனுக்கு 7000 மெகாபைட் வாசிக்கும். இரண்டு வாங்கி ரெயிட் 0 போட்டால் பிறகு டிஸ்க்கைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

திருநெல்வேலி_அக்கா

கொக்குவில் தம்பிக்கு. பழுதான டிஸ்க்குகளிலிருந்து ஆக்களின் படங்களையும் வீடியோவையும் மீட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. நீங்கள் வார இறுதியில் செய்யப்போவதாகச் சொன்ன வேலையைத் தயவுசெய்து தள்ளிப் போடுங்கள். ஏன் என்று வடிவாகச் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

ரெயிட் 0 கோப்பைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. முதல் துண்டு முதல் டிஸ்க்கில், இரண்டாவது மற்ற டிஸ்க்கில், மூன்றாவது மறுபடி முதல் டிஸ்க்கில், இப்படி மாறி மாறி. ஒரு பாட்டின் ஒற்றை வரிகளை ஒரு கொப்பியிலும் இரட்டை வரிகளை இன்னொரு கொப்பியிலும் எழுதி வைப்பது மாதிரி. ஆளுக்கொன்றாக இரண்டு பேர் பார்த்து எழுதினால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஒரு கொப்பி தொலைந்தால் மிஞ்சியதில் இருப்பதைப் பாட்டு என்று சொல்லவே முடியாது.

கடைக்காரர் சொன்ன இரண்டு மடங்கு பொய்யில்லை. ஒரு பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக வாசித்தால் அப்படித்தான் வரும். தனி டிஸ்க்கில் 180 மெகாபைட் வந்தால் இரண்டில் 350 வரும். ஆனால் நீங்கள் செய்வது ஒரே ஓட்டமாக வாசிக்கும் வேலையா என்று பாருங்கள். மூன்று கமராக் கோப்புகள் டிஸ்க்கில் மூன்று வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. வாசிக்கும் தலை அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம், மற்ற இடத்தில் கொஞ்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் டிஸ்க்கின் நேரத்தை விழுங்குவது இந்த ஓட்டம்தான்.

கணக்காகவே பார்ப்போம். 7200 ஆர்பிஎம் என்றால் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிசெக்கன். தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4.2. தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர ஏறக்குறைய 9. ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் 13 மில்லிசெக்கன் அளவில் செலவு, அந்த நேரத்தில் ஒரு பைட்டும் வாசிக்கப்படாது.

எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு கமராவிலிருந்தும் ஒரு தடவைக்கு 1 மெகாபைட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவ 13, வாசிக்க 5.5. மொத்தம் 18.5 மில்லிசெக்கனில் 1 மெகாபைட், அதாவது செக்கனுக்கு 54 மெகாபைட். 180 தரும் டிஸ்க் 54-க்கு இறங்கிவிட்டது. உங்களுக்குத் தேவை எவ்வளவு? 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், மூன்று கமராவுக்கு 37.5. இதுவரை சமாளிக்கலாம்.

இப்போது நீங்கள் சொன்ன அந்த 300 ஜிபி மிச்சத்துக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க் வெளித் தடத்திலிருந்து உள்நோக்கி நிரம்பும். வெளித் தடம் நீளமானது, ஒரு சுற்றில் நிறைய வாசிக்கலாம். உள்ளே போகப் போக வேகம் பாதி அளவுக்கு இறங்கும். டிஸ்க் நிரம்பிய நிலையில் புதிய கலியாணம் போய் விழுவது அந்த மெதுவான பகுதியில்தான். அங்கே செக்கனுக்கு 90 என்று வைத்தால் 1 மெகாபைட் வாசிக்க 11 மில்லிசெக்கன், தாவலோடு 24. செக்கனுக்கு 41 மெகாபைட். உங்கள் தேவை 37.5. நூலிழையில் நிற்கிறீர்கள். மென்பொருள் இடையில் ஒலி அலைவடிவம் ஒன்றை எழுதினாலே போதும், படம் இடறும்.

சரி, ரெயிட் 0 போட்டால்? 128 கிலோபைட் ஸ்ட்ரைப் என்றால் நீங்கள் கேட்கும் 1 மெகாபைட் எட்டுத் துண்டு, ஒவ்வொரு டிஸ்க்கிலும் நான்கு. அதை எடுக்க இரண்டு டிஸ்க்கின் தலையும் தாவ வேண்டும். தாவல் நேரம் அதே 13. வாசிக்கும் நேரம் மட்டும் பாதியாகி 2.8. மொத்தம் 16 அளவில், செக்கனுக்கு 63 மெகாபைட். வெளித் தடத்தில் 54 வந்தது 63 ஆகியிருக்கிறது, ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஸ்ட்ரைப் அளவு எது என்று கேட்டீர்கள். பல கோப்புகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் வேலைக்குத் துண்டு பெரிதாக இருந்தால்தான் ஒரு டிஸ்க் ஒரு கமராவையும் மற்ற டிஸ்க் இன்னொரு கமராவையும் கவனிக்க வாய்ப்பு வரும். 1 மெகாபைட் துண்டு என்றால் இரண்டு தலையும் தனித்தனியே ஓடி 100-ஐத் தாண்டலாம். உங்கள் மெனுவில் இருப்பதில் பெரியதே 128தான்.

இதற்காக நீங்கள் கொடுக்கும் விலையைச் சொல்கிறேன். இரண்டில் எது செத்தாலும் எல்லாம் போகும். ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்று வைத்தால், இரண்டைக் கோர்த்தால் கிட்டத்தட்ட 6, நான்கு என்றால் 11-க்கு மேல். ரெயிட் பற்றி பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையின் மையக் கவலையே இதுதான். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் தாங்கினால், அப்படி 100 டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த தொகுதி 300 மணித்தியாலம்தான் தாங்கும், இரண்டு கிழமைகூட இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விலை குறைந்த டிஸ்க்குகளைச் சேர்த்து வேகம் எடுக்கலாம், ஆனால் மிகைத் தரவு (ஒரு டிஸ்க் போனாலும் மீட்க உதவும் கூடுதல் தரவு) இல்லாமல் அது பயன்படாது என்பதே அவர்கள் சொன்ன முடிவு. அந்தக் கட்டுரையில் விவரித்தவை ஒன்று முதல் ஐந்து வரையான நிலைகள். பாதுகாப்பே இல்லாத பூச்சிய நிலை அந்தப் பட்டியலில் இல்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கடையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்காரர் இப்படிக் கோர்த்த இரண்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஒன்று நல்லாக இருந்தது. மற்றது மின்சாரம் கொடுத்ததும் டிக் டிக் என்று தட்டிவிட்டு நின்றுவிடும், தலை பழுது. நல்ல டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்துத் தேடினேன். கிடைத்தவை சில கிலோபைட் அளவுள்ள சின்னக் கோப்புகள்: கமரா எழுதும் விவரக் குறிப்புகள், கட்டைவிரல் அளவுப் படங்கள் சில. அவை ஒரு துண்டுக்குள் அடங்கியதால் முழுதாகத் தப்பியிருந்தன. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த லென்ஸில் எடுத்தது என்பதெல்லாம் தெரிந்தது. வீடியோ ஒன்றுகூட ஓடவில்லை. ஒவ்வொன்றிலும் 64 கிலோபைட் இருந்தது, அடுத்த 64 கிலோபைட் இல்லை, கடைசிவரை அப்படியே. மகளின் அரங்கேற்றம் அது. அந்தத் தாய்க்கு அந்தக் கட்டைவிரல் படங்களைத்தான் கொடுத்து அனுப்பினேன். பழுதான டிஸ்க்கைச் சுத்த அறையில் திறந்து தலை மாற்றினால் சிலவேளை மீட்கலாம், அந்தச் செலவை அவர்களால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கார்டை ஃபோர்மட் பண்ணிய பிறகு அந்தக் கலியாணம் உலகத்தில் இருப்பது உங்கள் டிஸ்க்கில் மட்டும். இப்போதே ஒரு டிஸ்க்கில் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இரண்டாக வெட்டி வைப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டிஸ்க் வாங்கியதை வீணென்று நினைக்க வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் ஒருக்கா அளந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் மூன்று கோண டைம்லைனை ஓட்டுங்கள். பிறகு புதுக் கமராக் கிளிப் ஒன்றைத் தனியாக ஓட்டுங்கள். இரண்டு நேரத்திலும் டிஸ்க் எத்தனை வீதம், சிபியு எத்தனை வீதம் என்று எழுதுங்கள்.

பருத்தித்துறை_லினக்ஸ்

அக்கா சொன்ன துண்டு அளவுக் கணக்கோடு ஒத்துப் போகிறேன். லினக்ஸின் மென்பொருள் ரெயிட்டில் இயல்பான துண்டு 512 கிலோபைட். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஸ்ட்ரைப்ட் வொலியூம் என்று செய்தால் 64 கிலோபைட், மாற்றவும் முடியாது. ஸ்டோரேஜ் ஸ்பேஸஸில் இயல்பாக 256, அதைக் கட்டளை வரியில் மாற்றலாம்.

ரெயிட் 0-க்கும் ஒரு இடம் உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன். குறைவாகச் சுருக்கும் புரோரெஸ் 422 எச்கியூ முறையில், 4கே, 25 பிரேம் என்றால் ஒரு கமராவுக்கே செக்கனுக்கு 737 மெகாபிட், அதாவது 92 மெகாபைட். மூன்று கமராவுக்கு 276. அதைச் சாதாரணத் தனி ஹார்ட் டிஸ்க் தராது. அங்கே நான்கு டிஸ்க்கைக் கோர்த்து வேலை செய்யலாம், மூலம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்குமென்றால். ரெண்டர் கேஷ், தற்காலிகக் கோப்புகள் போன்றவற்றுக்கும் சரி, போனால் மறுபடி உருவாக்கலாம்.

கொக்குவில்_எடிட்டர்

அக்கா, மிக்க நன்றி. வேலையை நிறுத்திவிட்டேன். அளந்து பார்த்தேன்.

மூன்று கோணம் ஓடும்போது டிஸ்க் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் வேகம் செக்கனுக்கு 35-இலிருந்து 40 மெகாபைட்தான் காட்டுகிறது. சிபியு பாதிகூட இல்லை. புதுக் கமராக் கிளிப் ஓடும்போது நேர்மாறு: சிபியு 100 வீதம், டிஸ்க் 10 வீதத்துக்கு மேல் ஏறவில்லை.

உங்கள் கணக்கில் வந்த 41 அப்படியே திரையில் தெரிந்ததைப் பார்த்ததும் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கேட்பது: டிஸ்க் வாங்கியாயிற்று, அதை வைத்து என்ன செய்யலாம்? கார்டு கொப்பி நேரத்துக்கும் வழி இருக்கிறதா?

திருநெல்வேலி_அக்கா

வடிவாக அளந்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது மூன்று வெவ்வேறு நோய். ரெயிட் 0 அவற்றில் ஒன்றுக்கு அரைகுறை மருந்து, மற்ற இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் புதுக் கமரா. அங்கே டிஸ்க் சும்மா இருக்கிறது, சிபியுதான் மூச்சு வாங்குகிறது. 10 பிட் 4:2:2 எச்.265-ஐ உங்கள் ஒன்பதாம் தலைமுறைச் சில்லு வன்பொருளில் அவிழ்க்காது. இன்டெலின் மேசைக் கணினிச் சில்லுகளில் பதினோராம் தலைமுறையிலிருந்துதான் அந்த வசதி வந்தது. எத்தனை டிஸ்க்கைக் கோர்த்தாலும், ஸ்காபரோ அண்ணை சொன்ன 7000 மெகாபைட் என்விஎம்இ போட்டாலும், அந்தக் கிளிப் இப்படித்தான் திக்கும். அதற்குப் புரொக்ஸி செய்யுங்கள். சாப்பிடப் போகும் நேரத்தில் மென்பொருளை ஓடவிட்டால் சிறிய அளவுப் பிரதிகளைச் செய்து வைத்துவிடும். அவற்றில் எடிட் செய்து, கடைசியில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது மட்டும் மூலத்துக்கு மாறலாம்.

அடுத்தது கார்டு கொப்பி. உங்கள் கார்டு யூஎச்எஸ் 1 வகை என்று நினைக்கிறேன். அந்தப் பாதையின் உச்சமே செக்கனுக்கு 104 மெகாபைட், நடைமுறையில் 90 கிடைக்கும். மூன்று கமரா, 4 மணித்தியாலச் சடங்கு என்றால் 540 ஜிபி. 90-ஆல் வகுத்தால் 6000 செக்கன், 1 மணித்தியாலம் 40 நிமிடம். 180 எழுதக்கூடிய டிஸ்க் கார்டுக்காகப் பாதி நேரம் காத்துக்கொண்டு நிற்கிறது, அதை 350 ஆக்கி என்ன பயன்? இரண்டு கார்டு ரீடர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டு பழைய டிஸ்க்குக்கும் இரண்டாவது கார்டு புது டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். இரண்டு கார்டையும் ஒரே டிஸ்க்குக்கு விட்டால் தலை மறுபடி அங்கும் இங்கும் தாவத் தொடங்கும், அது வேண்டாம்.

மூன்று கோண இடறலுக்குத்தான் நான் சொல்லவந்த வழி. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கலியாணத்தின் முழுப் பிரதி இருக்கட்டும். கார்டுகள் இறங்கி முடிந்ததும் பழையதில் இல்லாததைப் புதியதுக்கும், புதியதில் இல்லாததைப் பழையதுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொப்பி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் டைம்லைனில் முதலாம் கமராவைப் பழைய டிஸ்க்கின் பிரதியோடும் இரண்டாம் கமராவைப் புது டிஸ்க்கின் பிரதியோடும் இணையுங்கள். இதற்குப் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருளில் ரீலிங்க் என்ற வசதி இருக்கிறது. இப்போது ஒவ்வொரு தலையும் ஒரு கமராவை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போகும். 12.5 மெகாபைட் என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. மூன்றாம் கமராவுக்கு ஒரு 1 டெராபைட் எஸ்எஸ்டி கிடைத்தால் நல்லது, புரொக்ஸியையும் கேஷையும் அதிலேயே வைக்கலாம். எஸ்எஸ்டியில் தாவல் மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்குதான், அதனால் சாதாரண சாட்டா வகையே போதும்.

கோப்பை வெட்டவில்லை, முழுதாகவே இருக்கிறது. ரெயிட் 0-வில் எடுக்க நினைத்த வேகம் கிடைக்கிறது. ஒரு டிஸ்க் நாளைக்குச் செத்தாலும் மற்றதில் முழுக் கலியாணமும் இருக்கும், ரீலிங்க் பண்ணிவிட்டு அன்றைக்கே வேலையைத் தொடரலாம். இடம் 8 டெராபைட்டுக்குப் பதில் 4தான் கிடைக்கும் என்பது உண்மை. அதனால் கொடுத்து முடிந்த பழைய கலியாணங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மாற்றும் வெளி டிஸ்க் முதலாளியின் வீட்டில் இருக்கட்டும், ஸ்டூடியோவில் வேண்டாம். பழைய டிஸ்க்கில் பாதியாவது காலியானால் வெளித் தடத்து வேகமும் திரும்ப வரும்.

கார்டை ஃபோர்மட் பண்ணுவது இரண்டாவது பிரதி முடிந்த பிறகுதான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு சோடி கார்டு வாங்குவது எந்த டிஸ்க்கைவிடவும் மலிவு.

பருத்தித்துறை_லினக்ஸ்

அக்கா, இதையே ரெயிட் 1 தானாகச் செய்யுமே? இரண்டு பிரதியும் இருக்கும், இரண்டு டிஸ்க்கிலிருந்தும் வாசிப்பைப் பகிர்ந்து கொள்ளும். கையால் கொப்பி பண்ணும் வேலை மிச்சம்.

திருநெல்வேலி_அக்கா

ஓம், செய்யும். லினக்ஸ் என்றால் நானும் அதை யோசிப்பேன், வாசிப்பை நன்றாகப் பகிர்கிறது. இந்த இடத்தில் வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணம். ஒன்று, ரெயிட் 1-இல் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்தக் கணமே இரண்டிலும் அழியும். நடுச்சாமத்தில் களைத்துப் போயிருக்கும்போது நடக்கும் விபத்து பெரும்பாலும் இதுதான், டிஸ்க் பழுதைவிட இதற்காக என்னிடம் வரும் ஆக்கள் கூட. தனிப் பிரதி என்றால் மற்றது அசையாமல் இருக்கும். இரண்டாவது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கரண்ட் திடீரென்று போய் வந்தால் ரெயிட் 1 இரண்டு டிஸ்க்கும் ஒன்றுதானா என்று முழுதாகச் சரிபார்க்கத் தொடங்கும். 4 டெராபைட்டை 180-இல் வாசித்தாலே 6 மணித்தியாலத்துக்கு மேல், உள்தட வேகத்தையும் சேர்த்தால் 8. அவ்வளவு நேரமும் தலை ஓடிக்கொண்டே இருக்கும், எடிட்டிங் செய்யவே முடியாது. தனித்தனி டிஸ்க்குகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாளைக்குக் கணினியே பழுதானாலும் கழற்றி எந்த மடிக்கணினியிலும் மாட்டி வாசிக்கலாம். மதர்போர்ட் ரெயிட் என்றால் சிலவேளை அதோடு ஒத்துப்போகும் போர்டைத் தேடி அலைய வேண்டி வரும்.

ஸ்காபரோ_வாசி

இங்கே கரண்ட் போவது அபூர்வம் என்பதால் அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. தம்பி, அக்கா சொல்வதைச் செய். அந்த 1 டெராபைட் எஸ்எஸ்டியை இங்கிருந்து வரும் ஆக்களிடம் கொடுத்துவிடலாம், உள்பெட்டியில் எழுது. ஒரு விஷயம் மட்டும்: மலிவான கியூஎல்சி (ஒரு நினைவுக் கலத்தில் 4 பிட்) வகையில் நிறையத் தொடர்ந்து எழுதினால் கேஷ் நிரம்பி, ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகிவிடும். கார்டிலிருந்து நேரே 90-இல் இறக்கினால் பெரிதாகத் தெரியாது, டிஸ்க்கிலிருந்து மொத்தமாகக் கொப்பி பண்ணும்போது தெரியும். அதனால் டிஎல்சி (ஒரு கலத்தில் 3 பிட்) வகையாகப் பார்த்து அனுப்புகிறேன்.

கொக்குவில்_எடிட்டர்

மிக்க நன்றி அண்ணை, உள்பெட்டியில் எழுதுகிறேன்.

அக்கா, எஸ்எஸ்டி வரும்வரை மூன்றாம் கமராவைப் பழைய டிஸ்க்கிலேயே முதலாம் கமராவோடு வைத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் கமரா புது டிஸ்க்கில். நேற்று ஒரு மானிப்பாய்க் கலியாணம், கூறை மாற்றி வரும் இடத்திலிருந்து அறுகரிசி போடும் இடம்வரை மூன்று கோணமும் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது. பழைய டிஸ்க் 60, 70 வீதம், புதியது 20. புரொக்ஸி செய்ததும் புதுக் கமராவும் சரி.

முதலாளி கார்டுகளுக்கும் ஓம் என்றுவிட்டார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஸ்டூடியோவில் இருக்கும் யூபிஎஸ் பழையது, கரண்ட் போனால் நிமிடக்கணக்கில்கூட நிற்பதில்லை. கொப்பி நடந்துகொண்டிருக்கும்போது நின்றால் எப்படித் தெரிந்துகொள்வது, பிரதி சரியாக விழுந்ததா என்று?

திருநெல்வேலி_அக்கா

பற்றரியை மாற்றுங்கள், யூபிஎஸ் முழுதையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஈய அமிலப் பற்றரி சக்தியிழந்துவிடும், நம் வெயிலுக்கு இன்னும் கெதியாக. மூடியைத் திறந்தால் அதே அளவு பற்றரி யாழ்ப்பாண நகரத்திலேயே கிடைக்கும்.

கொப்பிக்கு விண்டோஸ் எக்ஸ்புளோரரை நம்பாதீர்கள். கொப்பி பண்ணிய பிறகு இரண்டு பக்கத்தையும் திரும்ப வாசித்துச் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டாவின்சி ரிசால்வ் பாவித்தால் அதற்குள்ளேயே குளோன் டூல் என்று ஒன்று இருக்கிறது, மீடியா பக்கத்தில். கார்டு ஒன்றைக் காட்டி இரண்டு டிஸ்க்கையும் இலக்காகக் கொடுத்தால் ஒரே வாசிப்பில் இரண்டிலும் எழுதிச் சரிபார்க்கும். அப்படிச் செய்தால் குறுக்குக் கொப்பி வேலையும் இல்லை. கரண்ட் நடுவில் போனால் எந்தக் கோப்பு முடிந்தது என்று மண்டையைக் குழப்பாமல் அந்தக் கார்டை மறுபடி முதலிலிருந்து விடுங்கள்.

மற்றது, டிஸ்க்குகளின் ரைட் கேஷ் அமைப்பில் இரண்டாவதாக ஒரு கட்டம் இருக்கும், விண்டோஸ் தன் தற்காலிக நினைவை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும் வேலையை நிறுத்துவது பற்றியது. அதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். புதுப் பற்றரி வந்த பிறகும் அப்படியே இருக்கட்டும்.